‘உசிதம்’ எல்லாம் உசிதமா?

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாலை ஏழு மணி. திருப்பதியில் ஒரு பெரிய பலசரக்குக் கடையின் வாசலில் இரண்டு கைகளிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி நிற்கிறார்கள். கணவருக்கு ஒரு தொழிற்கூடத்தில் வேலை. சொந்த ஊர் சோளிங்கர். மாதச் சாமானுக்கென்று அவர்கள் ஒதுக்கிக் கொண்டு வந்தது 3,000 ரூபாய். பில் வந்தது 4,160 ரூபாய். அந்த பில்லின் அடியில் ‘இன்று நீங்கள் சேமித்தது 870 ரூபாய்’ என்ற பொருளில் ஒரு வரி தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

“சேமிச்சோம்னு போட்டிருக்கான். அம்மாவுக்கு அனுப்ப வெச்சிருந்த பணத்திலே இல்ல கை வெச்சிட்டோம்?” என்கிறார் கணவர்.

“நான் என்னங்க பண்றது? எதைத் தொட்டாலும் ஒண்ணு உசிதம், ஒண்ணு உசிதம்னு எழுதியிருந்தாங்க. விட்டுட்டு வர மனசு வரலே” என்கிறார் மனைவி.

இது இந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை செய்து பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாதத்தின் முதல் வாரத்தில் இந்தப் பேச்சு நடக்கிறது.

‘ஒகட்டி கொண்டே ஒகட்டி உசிதம்’ என்று கடைகளில் தெலுங்கில் எழுதி வைத்திருப்பார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அர்த்தம். தெலுங்கில் ‘உசிதம்’ என்றால் இலவசம். தமிழில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. தகுந்தது, ஏற்றது என்று பொருள். ஆகவே தமிழர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த உசிதமெல்லாம் நமக்கு உசிதமானதுதானா?

கொசுறும் இலவசமும்

இலவசம் என்பது நமக்குப் புதிதல்ல. காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பூ வாங்கினால் ஒரு விரற்கடை அதிகம். தமிழில் அதைக் கொசுறு என்கிறோம். தெலுங்குக்காரர்கள் கொசரு என்கிறார்கள். சொல் ஒன்றுதான். அந்தக் கொசுறுக்கு நிபந்தனை கிடையாது. எவ்வளவு வாங்க வேண்டும் என்று எழுதிப் போட்ட பலகை கிடையாது. கடைக்காரர் மனமுவந்து போடுவது அது. அதற்காக யாரும் இரண்டு கிலோ கத்திரிக்காய் அதிகமாக வாங்கி வருவதில்லை.

சந்தையில் ‘கூறு இருபது ரூபாய், மூன்று கூறு ஐம்பது’ என்று கூவி விற்பதும் பழைய வழக்கந்தான். ஆனால் அங்கே சரக்கு கண்ணெதிரே குவிந்திருக்கிறது. அழுகலைத் தள்ளிவிடலாம், பேரம் பேசலாம், மூன்று கூறையும் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பெரிய கடையில் நடப்பது வேறு. அங்கே பேரம் கிடையாது. பலகை மட்டுமே பேசுகிறது. அந்தப் பலகையின் மொழியும் கணக்கும் தெரியாதவர் ஏமாறுகிறார்.

எது எவ்வளவு தள்ளுபடி?

‘இலவசம்’ என்ற சொல் கண்ணில் பட்டவுடனே, ஏதோ முழுப் பொருளும் சும்மா வருகிறது என்று மனம் நினைத்துவிடுகிறது. உண்மையில் எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் தள்ளுபடி அது. அதை ரூபாய்க்கு எவ்வளவு என்று பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் ரூபாய்க்கு எட்டணா தள்ளுபடி, அதாவது 50 சதவீதம். இரண்டுக்கு ஒன்று இலவசம் என்றால் 33 காசு. மூன்றுக்கு ஒன்று என்றால் நாலணா. நான்குக்கு ஒன்று என்றால் 20 காசு. ஐந்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 17 காசுதான்.

‘இரண்டாவது பொருள் பாதி விலை’ என்பது பெரிதாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அது வெறும் நாலணாத் தள்ளுபடி. நூறு ரூபாய்ப் பொருள் இரண்டுக்கு 150 ரூபாய் கொடுக்கிறோம். ஒன்று 75 ரூபாய் ஆகிறது.

‘25 சதவீதம் கூடுதல்’ என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் அது 25 சதவீதத் தள்ளுபடி ஆகாது. நூறு கிராம் விலைக்கு 125 கிராம் கிடைக்கிறது. ஐந்து பங்கில் ஒரு பங்குதான் லாபம். அதாவது 20 சதவீதம். ‘50 சதவீதம் கூடுதல்’ என்பதும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடிக்குத்தான் சமம். ஆனாலும் விலையைக் குறைப்பதைவிடச் சரக்கைக் கூட்டிக் கொடுப்பதையே மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியும் எண் பெரியதாக இருந்தால் போதும் போலிருக்கிறது.

கணக்கு தவறும் இடங்கள்

முதலாவது, எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பது. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதே அதன் பொருள். அந்த விலைக்கே விற்க வேண்டும் என்பதில்லை. தெருமுனைக் கடைகள் பலவும் அதற்குக் குறைவாகவே விற்கின்றன. ஒரு உதாரணம் பார்க்கலாம். சலவைத் தூள் பொட்டலத்தில் அச்சிட்ட விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனைக் கடையில் அது 110 ரூபாய். பெரிய கடையில் ‘இரண்டாவது பாதி விலை’. இரண்டுக்கும் சேர்த்து 225 ரூபாய். தெருமுனையில் இரண்டு வாங்கினால் 220 ரூபாய்! பில்லிலோ ‘சேமித்தது 75 ரூபாய்’ என்று வரும்.

இரண்டாவது, ஒன்றின் விலையை ஏற்றிவிட்டு இரண்டின் விலையைக் குறைத்துக் காட்டுவது. நேற்றுவரை 50 ரூபாய்க்கு விற்ற பொருளை இன்று 60 ரூபாய் என்று போட்டு, ‘இரண்டு எடுத்தால் 90 ரூபாய், சேமிப்பு 30’ என்று எழுதினால், உண்மையான சேமிப்பு 10 ரூபாய்தான். ஒன்று மட்டும் வாங்குகிறவருக்கோ 10 ரூபாய் நஷ்டம்.

மூன்றாவது, சலுகையே இல்லாத சலுகை. ‘மூன்று 99 ரூபாய்’ என்று பலகை சொல்லும். ஒன்றின் விலையைத் தேடிப் பார்த்தால் 33 ரூபாய் இருக்கும். மூன்று எடுத்தாலும் ஒன்று எடுத்தாலும் ஒரே விலை. அமெரிக்கக் கடைகளில் ‘பத்து டாலருக்குப் பத்து’ என்று எழுதுவது பழைய வழக்கம். பெரும்பாலும் ஒன்று எடுத்தாலும் ஒரு டாலர்தான்.

நான்காவது, ‘ஏதேனும் மூன்று எடுங்கள், விலை குறைந்தது இலவசம்’ என்பது. 100, 80, 30 ரூபாய்ப் பொருள்களை எடுத்தால் இலவசமாக வருவது 30 ரூபாய்ப் பொருள். மொத்தம் 210 ரூபாய்க்கு 30 ரூபாய் என்றால் ஏழில் ஒரு பங்கு. மூன்றும் ஒரே விலையில் இருந்தால்தான் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும்.

ஐந்தாவது, ‘இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால்’ என்ற நிபந்தனை. 999 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே சர்க்கரை 45 ரூபாய் என்றால் லாபம் 36 ரூபாய். உங்கள் கூடையில் 780 ரூபாய்ச் சாமான் இருக்கிறது. 36 ரூபாய் லாபத்துக்காக 219 ரூபாய்க்கு வேண்டாத பொருளைத் தேடி அலைகிறீர்கள். கூட்டத்தில் அப்படி அலைகிறவர்கள் பலர்.

ஆறாவது, பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்ற நம்பிக்கை. நம் நாட்டில் ஷாம்பு போன்ற பொருள்கள் பெரிய புட்டியைவிடச் சிறு பாக்கெட்டில் மில்லிக் கணக்குக்கு மலிவாகக் கிடைப்பது சகஜம்.

கடைக்காரருக்கு என்ன லாபம்?

சித்தூர் பஜாரில் சிறு கடை வைத்திருப்பவர்கள் இதை ‘ஸ்கீம்’ என்கிறார்கள். பெரும்பாலும் கம்பெனிதான் ஸ்கீம் கொடுக்கிறது. பன்னிரண்டு எடுத்தால் இத்தனை என்று மொத்த வியாபாரி மூலம் கடைக்கு வருகிறது. சிலர் அதை வாடிக்கைக்காரருக்குத் தருகிறார்கள்; சிலர் தங்கள் லாபத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

கம்பெனிக்கு இதில் பல ஆதாயங்கள். தேங்கிய சரக்கு நகரும். கெடு நெருங்கிய பண்டம் கழியும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஐந்து சோப்பை வாங்கி வைத்தவர் மூன்று மாதத்துக்கு வேறு கம்பெனி சோப்பை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

இந்த வித்தையைத் தமிழர்களே திறமையாகக் கையாண்டிருக்கிறார்கள். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி உறைகளைக் கொண்டு வந்தால் ஒரு ‘சிக்’ பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார். மக்கள் பழகிய பிறகு, ‘சிக்’ உறைகளைக் கொண்டு வந்தால் மட்டுமே என்று மாற்றினார். சிறிய கம்பெனி பெரிய கம்பெனிகளோடு போட்டி போட வழி பிறந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உபயோகித்துத் தீர்த்த பிறகுதான் இலவசம் என்பதால், தேவைக்கு மேல் யாரும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

மலைமேல் ஒரு கணக்கு

இலவசம் ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்குச் செலவாகவும் இருக்கலாம் என்பதற்குத் திருமலை லட்டுவே உதாரணம். 2020 ஜனவரிக்கு முன்பு சர்வ தரிசனத்துக்கு வந்த பக்தர்களுக்குச் சலுகை விலையில் தலா 10 ரூபாய்க்கு இரண்டு லட்டும், தலா 25 ரூபாய்க்கு மேலும் இரண்டும், ஆக நான்கு லட்டு 70 ரூபாய்க்குக் கிடைத்தன. 2020 ஜனவரியில் தேவஸ்தானம் இதை மாற்றியது. தரிசனம் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய லட்டு இலவசம். அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்று 50 ரூபாய் என்றாயிற்று.

ஒரே லட்டோடு திரும்பும் ஏழைப் பக்தருக்கு 10 ரூபாய் மிச்சம். ஊருக்குப் பங்கு கொடுக்க நான்கு லட்டு வேண்டும் என்பவருக்கோ 150 ரூபாய். முன்பைவிட 80 ரூபாய் அதிகம். அறிவிப்பு ஒன்றுதான். லாபமா செலவா என்பது நமக்கு எத்தனை வேண்டும் என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு லட்டுக்கு வேறு எதையும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையான இலவசம் அப்படித்தான் இருக்கும்.

சீமையிலும் இதே கதை

படித்தவர்கள் நிறைந்த இங்கிலாந்திலும் இந்தக் குழப்பம் தீரவில்லை. அங்குள்ள ‘விச்’ என்ற நுகர்வோர் அமைப்பு, பெரிய மளிகைக் கடைகளின் சலுகை விலைகள் மக்களைக் குழப்புகின்றன என்று 2015 ஏப்ரலில் அரசின் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஜூலையில் ஆணையம் பதில் சொன்னது. தவறுகள் எங்கும் பரவியிருக்கவில்லை; ஆனால் மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லும் விலைப் பலகைகள் இருக்கின்றன, கிலோவுக்கு என்ன விலை என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றது.

அடுத்த ஆண்டே, 2016-இல், செயின்ஸ்பரீஸ் என்ற பெரிய கடை, ‘இரண்டு வாங்கினால்’, ‘மூன்று வாங்கினால்’ என்ற சலுகைகளைப் பெருமளவு கைவிட்டு, ஒன்றின் விலையையே குறைக்கப் போவதாக அறிவித்தது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களுக்கு இத்தகைய சலுகை கூடாது என்ற விதி இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இலவசமாக வந்ததைக் கெடுவதற்குள் தின்று தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் உடம்புக்கும் கேடு என்பது அங்கே சட்டமாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 1990-இல் வந்தது. 2009-ஆம் ஆண்டின் சட்ட எடையளவுச் சட்டமும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளும் இப்போது நடைமுறையில் உள்ளன. 2021 நவம்பரில் இந்த விதிகளில் ஒரு முக்கியமான திருத்தம் வெளியிடப்பட்டது. அதன்படி பொட்டலத்தின் மேல் மொத்த விலையோடு ‘அலகு விலை’யையும் போட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் ஒரு கிராமுக்கு என்ன விலை. அதற்கு மேற்பட்டதானால் ஒரு கிலோவுக்கு என்ன விலை. எண்ணெய் போன்றவற்றுக்கு மில்லிக்கும் லிட்டருக்கும். எண்ணிக்கையில் விற்பவற்றுக்கு ஒன்றுக்கு. பொடி எழுத்தில்தான் இருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு பொட்டலங்களில் எது மலிவு என்பதை வாய்ப்பாடு தெரியாதவரும் இதைக் கொண்டு சொல்லிவிடலாம்.

முதலில் 1986-இல் வந்து, பின்பு 2019-இல் புதிதாக இயற்றப்பட்டு 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொடுக்கும் எண்ணமில்லாமல் இலவசம் என்று அறிவிப்பதும், விலைக்குள்ளேயே முழுவதுமோ ஓரளவோ அடங்கிவிட்ட பொருளை இலவசம் போலத் தோன்றச் செய்வதும் நேர்மையற்ற வணிக முறை என்கிறது அந்தச் சட்டம்.

வரி அதிகாரிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்பது முதற் பார்வைக்கு இலவசம் போலத் தோன்றினாலும், உண்மையில் இரண்டு பொருள்களை ஒரே விலைக்கு விற்பதே என்று 2019 மார்ச் 7-இல் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையில் விளக்கியது. அரசாங்கத்தின் கணக்கில் இலவசம் என்று ஒன்று இல்லை!

குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ எடை குறைந்தாலோ, ஆந்திராவில் ‘தூனிகலு கொலதலு’ என்று அழைக்கப்படும் எடையளவுத் துறையிடம் புகார் செய்யலாம். எதற்கும் பில் வேண்டும். பில்லைக் கசக்கி எறிந்தவருக்கு வழக்கில்லை.

கடைக்குப் போகுமுன்

தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் பலகையில் வரும் சில தெலுங்குச் சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. தர என்றால் விலை. தக்கிம்பு என்றால் தள்ளுபடி. நிகர பருவு என்றால் நிகர எடை. கடுவு என்றால் கெடு. ஷரதுலு வர்த்திஸ்தாயி என்று கீழே பொடி எழுத்தில் இருந்தால், நிபந்தனைகள் உண்டு என்று அர்த்தம். எழுத்துப் புரியாவிட்டால் கடைப் பையனைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். “ஒன்று மட்டும் எடுத்தால் என்ன விலை?” என்ற ஒரே கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தெருமுனைக் கடையில் நான்கைந்து முக்கியச் சாமான்களின் விலையையும் அந்தச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் ஒப்பிட வசதி. சீட்டில் உள்ள பொருளுக்குச் சலுகை இருந்தால் எடுக்கலாம். சலுகைக்காகச் சீட்டை நீட்டக் கூடாது. சோப்பு, உப்பு, தீப்பெட்டி போன்றவை கெடாது. சலுகை உண்மையானால் நாலு சேர்த்து வாங்குவதில் தவறில்லை. பிஸ்கட், மாவு, எண்ணெய் போன்றவற்றில் கெடு தேதியைப் பார்த்தே கை வைக்க வேண்டும். குழந்தைகள் அதிகமில்லாத வீட்டார், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பில் போடும் இடத்தில் அவசரம் வேண்டாம். பலகையில் ஒரு விலையும் மெஷினில் ஒரு விலையும் இருப்பது உண்டு. சலுகை நேற்றோடு முடிந்திருக்கலாம். 200 கிராமுக்கு உள்ள சலுகை 180 கிராமுக்கு இல்லாமல் போகலாம். கடையை விட்டு வெளியேறுமுன் பில்லை ஒரு முறை படித்துவிட்டால், அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்ள முடியும்.

அந்தச் சோளிங்கர்த் தம்பதி வீட்டுக்குப் போய்ப் பைகளைப் பிரித்தார்கள். சீட்டில் இல்லாத சாமான்களைத் தனியே எடுத்து வைத்தபோது பாதிப் பாய் நிறைந்துவிட்டது. தரை துடைக்கும் திரவம் இரண்டு புட்டி, சேமியா மூன்று, பிஸ்கட் ஒன்பது பொட்டலம். அந்த மாதம் ஊருக்குப் போக வேண்டிய 2,000 ரூபாயில் 840 ரூபாய்தான் போயிற்று. மருந்துக் கடையில் கடன் சொல்லிக்கொள்வதாகத் தாயார் போனில் சொன்னார். பிஸ்கட்டில் நாலு பொட்டலம் நமத்துப் போயிற்று.

மறுமாதம் அந்த அம்மாள் கையில் சீட்டோடு போனார். சோப்பு தீர்ந்திருந்தது, மூன்றுக்கு ஒன்று கிடைத்ததால் அதை எடுத்தார். மற்றதெல்லாம் சீட்டில் உள்ளபடியே. பில் 2,870 ரூபாய். அடியில் ‘நீங்கள் சேமித்தது 95 ரூபாய்’ என்று இருந்தது. போன மாதத்தைவிடச் சேமிப்பு மிகக் குறைவுதான். சோளிங்கருக்குப் பணம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.